இடிந்த கோட்டையும் பொருந்தாத சாதகமும்

அந்த ஊருக்கு நான் போனது ஒரு கலியாணத்தை நிறுத்துவதற்கு. அங்கே ஓர் இடிந்த கோட்டை இருக்கிறதென்றோ, அதன் கதையைத் தவணை முறையில் கேட்கப் போகிறேனென்றோ எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் கிட்டங்கிப் பகுதிக் கிளாக்கராக இருந்த என்னை மூன்று மாதப் பயிற்சிக்கென்று இங்கிலாந்தின் துறைமுகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றி எழுத அதிகமில்லை. பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கி அடுக்குவதை அங்கே குளிரில் நின்று பார்த்தேன். இங்கே அதை வெயிலில் நின்று பார்க்கிறோம். கடைசி வாரம் விடுமுறை தந்தார்கள். அந்த ஒரு வாரத்துக்குத்தான் அம்மா எனக்கு வேலை வைத்திருந்தா.

என் தம்பி குணசீலன், எங்களுக்குக் குணம், என்னைவிடப் பதினாலு வயது இளையவன். அப்பா போனபிறகு அவனைப் படிப்பித்து ஆளாக்கியவன் நான். வேல்ஸ் எல்லைக்குக் கிட்டவுள்ள சிறு நகரம் ஒன்றில், இயந்திரத் தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்தான். அந்த ஊரிலேயே இருக்கும் மார்கிறெட் என்றோர் ஆங்கிலப் பெண்ணைக் கட்டப் போவதாக எழுதியிருந்தான். அம்மா கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எனக்கு உத்தரவு போட்டா.

“நீ போய் அந்தப் பெட்டையின்ரை தேப்பனோடை கதை. வேண்டாமெண்டு முகத்துக்கு நேரை சொல்லாதை. சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லிப்போட்டு வா. ஒருத்தருக்கும் நோகாது.”

எனக்குத் தனிப்பட எந்த மறுப்பும் இருக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கும் பழக்கம்தான் இருக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிலும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் வேண்டாமென்றால் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. பெண்ணின் சாதகத்தை வாங்கி, நாலு நாள் சாமிப்படத்தடியில் வைத்திருந்து, “பொருத்தம் காணாதாம்” என்று திருப்பிக் கொடுப்பார்கள். சாத்திரியார் அதைக் கண்ணால் கண்டாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொண்டுபோனவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் கோயிலில் கண்டு, மழை தண்ணி பற்றிக் கதைப்பார்கள். என் சாதகமே இரண்டு வீட்டில் அப்படிப் ‘பொருந்தாமல்’ போனதுதான். இரண்டாவது வீட்டுக்காரர் இப்போதும் எனக்கு நல்ல சிநேகிதர்.

முதல் நாள் ரயிலிலேயே கோளாறு. அந்த நாட்டில் சில ரயில்களைப் பாதிவழியில் இரண்டாகப் பிரிப்பார்கள். முன்பெட்டிகள் ஓர் ஊருக்கு, பின்பெட்டிகள் வேறோர் ஊருக்கு. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பெட்டிகளைக் கழற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தூங்கிப்போய் மட்டக்களப்பில் இறங்கிய எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி எத்தனை தரம் சிரித்திருப்பேன்! அன்றைக்கு நானே பிழையான பாதியில் இருந்து, பெயர் வாசிக்க ஏலாத ஏதோ ஒரு ஸ்டேசனில் இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் கூடைகளோடு இரண்டு பெண்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று நினைத்திருக்க வேண்டும்.

“இவர் கோட்டை பாக்க வந்தவராக்கும்.”

“இந்த மழையிலையோ? எங்கடை கல்லிலை இவைக்கு என்ன ஆசையோ!”

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் ஞாபகத்தில் அந்த ஊர்க்காரர் எல்லோரும் எங்கள் பேச்சிலேயே கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

மார்கிறெட்டின் தகப்பன் மிஸ்டர் வோக்கர் பஸ் தரிப்பில் குடையோடு நின்றார். எனக்கு முன்னால் வந்த மூன்று பஸ்ஸையும் பார்த்து ஏமாந்து நின்ற மனுசன். அறுபது வயதிருக்கும். இடது முழங்கால் மடங்காது. கோட்டைப் படியில் விழுந்ததாம். அந்தக் கோட்டை வாசலில் டிக்கெட் விற்பதும், புல் வெட்டுவதும், வருகிறவர்களுக்குக் கதை சொல்வதும் அவருடைய வேலை. மனைவி நாலு வருடத்துக்கு முன் இறந்துவிட்டா. அப்பாவும் மகளும் மட்டும் கோட்டையடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

“உங்களுக்கெண்டு சோறு சமைச்சிருக்கிறன்” என்றாள் மார்கிறெட். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை, நீளமான கை, கொஞ்சம் வெட்கம். மூன்று மாதமாகக் கிழங்கு தின்று அலுத்தவன் ஆவலோடு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வந்தது பாலும் சீனியும் போட்டு மூடிய அடுப்புக்குள் வேகவைத்து, மேலே ஆடை கருகிய சோறு. அதற்கு முன்னால் அவித்த ஆட்டிறைச்சி. என் பெட்டியிலிருந்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து இறைச்சியில் தூவினேன். மிஸ்டர் வோக்கர் தனக்கும் கேட்டார். ஒரு வாய் வைத்ததும் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் தாருங்கோ” என்றார். எனக்கு அந்த மனுசனை அப்போதே பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடிந்ததும், பெரிய மனிதத் தோரணையோடு மார்கிறெட்டின் பிறந்த திகதியையும் நேரத்தையும் கேட்டேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த குணம் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். அவள் ஒரு துண்டில் எழுதித் தந்தாள்.

“நேரம் சரியாத் தெரியாது. காலமைச் சாப்பாட்டு நேரம் எண்டு அம்மா சொல்லுறவ.”

அடுத்த நாள் மிஸ்டர் வோக்கர் என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். மேட்டில், கூரையில்லாத ஒரு சதுரக் கோபுரம். ஒரு பக்கச் சுவர் முழுதாக இல்லை. மற்றப் பக்கத்தில் இன்னொரு வட்டக் கோபுரம் விழப்போகிறவன்மாதிரிச் சரிந்து நிற்கிறது. முந்நூறு வருடமாக அப்படியே நிற்கிறதாம். டிக்கெட் வாங்கத் துட்டை நீட்டினேன். வேண்டாமென்று கையைத் தட்டிவிட்டார்.

“முதல்லை சுவரைத் தொடுங்கோ. எல்லாரையும் தொடச் சொல்லித்தான் நான் தொடங்கிறனான்.”

தொட்டேன். ஈரமாக, ஐஸ்போல இருந்தது. அவர் கதையைத் தொடங்கினார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்த ராசா ஒருவன், தன்னோடு வந்த பிரபு ஒருவனுக்கு இந்த ஊரைக் கொடுத்தான். பிரபு பேசியது பிரெஞ்சு. ஊராருக்கு அது தெரியாது. அவனுக்கு இவர்கள் பேசியது தெரியாது. ஆனால் மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கிண்டு என்று காட்டினால் எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும்தானே. ஊர்ச்சனமே மண் சுமந்து இந்த மேட்டைப் போட்டது. மேலே முதலில் மரக்கோட்டை. பேரன் காலத்தில் கல்லுக்கோட்டை.

“தங்களை அடக்கிறதுக்குத் தாங்களே மண் சுமந்த ஆக்கள், என்ரை மூதாதையர்” என்று சிரித்தார்.

எங்கள் ஊரிலும் கோட்டை இருக்கிறது, கோணேசர் கோயிலைப் பறங்கியர் உடைத்து அந்தக் கல்லைக் கொண்டே கட்டியது என்று நான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேள்வி மேல் கேள்வி. வாசலில் என்ன இருக்கும்? கல்லில் மீன் வெட்டியிருக்கும், தமிழ் எழுத்தும் இருக்கும் என்றேன். எழுத்தில் என்ன சொல்லியிருக்கு? எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வாசலால், உள்ளே திரும்பக் கட்டிய கோயிலுக்குப் போகிறவன் நான். அங்கே நிற்கும் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்திருக்கிறேன். தலையை நிமிர்த்தி அதை முழுக்க வாசித்ததில்லை. எழுத்து தேய்ந்துபோனது என்று சொல்லித் தப்பினேன்.

சுவரின் தடிப்பில் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். குசினி அடுப்பில் ஒரு முழு மாட்டை வாட்டலாம். சுவருக்குள்ளேயே கக்கூசு. நேரே அகழியில் விழும். பிரபுக்கள் தங்கள் நல்ல உடுப்புகளை அங்கேதான் தொங்கவிடுவார்களாம். அந்த நாற்றத்துக்குப் பூச்சி அண்டாதாம். எங்கள் வீட்டில் அலுமாரிக்குள் பூச்சிமாத்திரை போடுவதோடு சரி.

“இந்தக் கோட்டை கனதரம் கைமாறினது சண்டையாலை இல்லை, கலியாணத்தாலை” என்றார் மிஸ்டர் வோக்கர். ஆண்வாரிசு இல்லாமல் போனால் கோட்டை பெண்பிள்ளையோடு போகும். தகப்பன் செத்த பிள்ளை என்றால் அவளை யாருக்குக் கட்டிவைப்பது என்ற உரிமை ராசாவினுடையது. அதை அவன் விற்பான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை அப்படி வாங்கிய ஒருவன், தன் மகனுக்குக் கட்டிவைத்துக் கோட்டையை எடுத்துக்கொண்டான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்திலும் வீடு பெண்பிள்ளையோடுதான் போகும், சீதனம் என்போம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

“எங்கடை வீடு வாடகை வீடு, மிஸ்டர் நாதன். மார்கிறெட்டுக்குக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை. அதைத்தான் பாக்க வந்தனீங்களோ?”

ஐயோ இல்லை என்றேன். அந்த ஒன்று உண்மை. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்துவிட்டதால், கோட்டை விழுந்த கதையைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டு நொண்டி நொண்டி இறங்கிப்போனார்.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் எனக்குத் தந்த அறையில் இருந்து, ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் கீறினேன். கிரகங்களைக் கையில் வந்தபடி போட்டேன். எனக்குச் சாத்திரம் தெரியாது. பஞ்சாங்கமும் கையில் இல்லை. அந்தத் தாளை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் குணமும் வந்திருந்தான். தட்டுகளை எடுத்தபிறகு தாளை மேசையில் விரித்து, துக்கமான முகத்தோடு, இரண்டு சாதகமும் பொருந்தவில்லை என்றேன். வழமைப்படி எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமலிருந்து, பிறகு தேத்தண்ணி வருமென்று எதிர்பார்த்தேன்.

மிஸ்டர் வோக்கர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். “எது பொருந்தேல்லை?”

ஊரில் யாரும் கேட்காத கேள்வி. செவ்வாய் என்றேன்.

“அது பிறந்த நேரத்தைப் பொறுத்ததோ?”

“ஓம். சில நிமிசம் மாறினாலே எல்லாம் மாறிப்போம்.” சாத்திரத்தின் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னேன். என் வாய்க்குப் பூட்டுப் போட அந்த நேரத்தில் ஒருவருமில்லை.

அவர் எழும்பிப் போய்ப் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை எடுத்துவந்தார். தங்கள் ஊர் எத்தனை பாகை மேற்கு என்று விரல் வைத்துக் காட்டினார். இதுவும் தேவைப்படுமோ என்று கேட்டார். தேவைப்படும் என்றேன். மார்கிறெட் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணம் எழும்பி வெளியே போனான். நானும் பின்னால் போனேன். மதிலோரம் நின்றான். அவன் என்னை எதிர்த்து ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

“அண்ணை, உந்தக் கதையை ஊரிலை சொல்லுங்கோ. இஞ்சை சொல்லாதேங்கோ. இவையள் நம்பியிடுவினம்.”

“அம்மாதான்...” என்று தொடங்கினேன்.

“அம்மா சொல்லச் சொன்னவ. சொன்னது நீங்கள்.”

திங்கட்கிழமை காலையில் மிஸ்டர் வோக்கர் கோட், சப்பாத்து எல்லாம் போட்டு ஆயத்தமாக நின்றார். கோட்டை வாசலில் ‘இன்று பூட்டு’ என்று பலகை தொங்கவிட்டிருந்தார். மார்கிறெட் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவிச்சி அடுத்த கிராமத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாவாம். பார்த்த பிரசவம் அவ்வளவையும் கொப்பியில் எழுதிவைக்கிற மனுசியாம்.

“நீங்களும் வாருங்கோ. என்ன கேக்க வேணும் எண்டு எனக்குத் தெரியாது.”

தலையிடி என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லத் தைரியமில்லாமல் போனேன்.

பாதி வழியில் ஆறு பெருகி றோட்டை மூடியிருந்தது. பஸ் அதற்கப்பால் போகாது என்று டிறைவர் இறக்கிவிட்டார். மாரியில் கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைப் பாதை ஓடாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்ப்பம் என்று வீட்டுக்குத் திரும்புவோம். அதைத்தான் நானும் சொன்னேன். மிஸ்டர் வோக்கர் மேட்டுப் பாதை ஒன்றைக் காட்டினார். மூன்று மைல். மழை. மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி அவர் முன்னால் நடந்தார். குடையை எனக்குத் தந்துவிட்டார்.

நடந்தபடியேதான் கோட்டை விழுந்த கதையைச் சொன்னார். ராசாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்த காலம். கோட்டைக்குள் ராசாவின் ஆட்கள். வெளியே பாராளுமன்றத்தின் படை. ஒரு மாரி முழுக்க முற்றுகை. பீரங்கிக் குண்டு சுவரில் பள்ளம் போட்டதே தவிர ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்தவர்கள் குதிரையைத் தின்றார்கள். உள்ளே இருந்த தளபதியும் வெளியே நின்ற தளபதியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நாள்தோறும் வாசலில் வந்து மரியாதையாகக் கதைப்பார்கள்.

“ஒருநாள் வெளியிலை நிண்டவன் சொன்னான், நீங்கள் கதவைத் திறந்தாச் சனத்துக்கும் ஒண்டும் வராது, கோட்டைக்கும் ஒண்டும் வராது எண்டு. இவன் நம்பித் திறந்தான். சனத்தை விட்டிட்டினம். கோட்டையை விடேல்லை. அத்திவாரத்தைக் கிண்டி, மரம் முட்டுக்குடுத்து, மரத்துக்கு நெருப்பு வைச்சினம். மரம் எரிய, சுவர் அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டுது.”

“வேணுமெண்டு ஏமாத்தினவனோ?” என்று கேட்டேன்.

“அப்பிடி நான் நினைக்கேல்லை. நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பான். மேலிடத்திலை வேறை உத்தரவு இருக்கெண்டு அவனுக்குத் தெரியும். தன்ரை சொந்தக்காரன்ரை முகத்துக்கு நேரை அதைச் சொல்லக் கூச்சமாக்கும்.” கொஞ்சத் தூரம் நடந்தபிறகு, “விக்கிற புத்தகத்திலை இந்தப் பகுதி இல்லை. எண்டாலும் நான் இப்பிடித்தான் சொல்லுறனான்” என்றார்.

நான் குடைக்குள் நடந்துகொண்டிருந்தேன். அப்போதே நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மருத்துவிச்சி கண் பார்வை குறைந்த, குரல் குறையாத மனுசி. இல்லத்தின் வாசல்படியைக் காட்டி, இதுவும் கோட்டைக் கல்லுத்தான் என்றார் மிஸ்டர் வோக்கர். கோட்டை விழுந்தபின் ஊரே வண்டில் கொண்டுபோய்க் கல் அள்ளியதாம். தேவாலயத்துக்கு, பாலத்துக்கு, பன்றிக்கூட்டுக்கு. பாட்டன் சுமந்த மண்ணுக்குப் பேரன் கல்லாகத் திருப்பி எடுத்துக்கொண்டான் என்று அவர் சொல்ல, மருத்துவிச்சி கையைத் தட்டிச் சிரித்தா. பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் தகரத்தை இழுத்தெடுக்கச் சொன்னா. உள்ளே கொப்பிகள். மிஸ்டர் வோக்கர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“காலமை அஞ்சு பத்து” என்று வாசித்தார். “சாப்பாட்டு நேரம் இல்லை. இவ்வளவு நாளும் பிழையாச் சொல்லியிருக்கிறம்.”

“உதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றா மருத்துவிச்சி.

“இவரின்ரை நாட்டிலை ஒரு பிள்ளையைக் குடுக்கிறதெண்டா வானத்தையே பாத்துத்தான் குடுப்பினமாம். எங்கடை ஆக்கள் என்னத்தைப் பாக்கினம்?”

“இப்ப நேரம் சரியெண்டா, எல்லாம் சரிவருமோ?” என்று மருத்துவிச்சி கேட்டா.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். மிஸ்டர் வோக்கரின் காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி நிலத்தில் தேங்கியிருந்தது.

“பாப்பம்” என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்னவற்றிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

அடுத்த நாள் வெயில் எறித்தது. மிஸ்டர் வோக்கரின் கால் வீங்கியிருந்தது. அப்படியும் கோட்டை வாசலைத் திறந்துகொண்டு டிக்கெட் பெட்டிக்குள் இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். சொல்லத் தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. சாத்திரம் தெரியாது, கட்டம் பொய், செவ்வாய் பொய், எங்கள் ஊரில் வேண்டாமென்பதை இப்படித்தான் சொல்வோம், உங்களை நடக்கவைத்தது என் பிழை என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தெரியும்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே குணம் மார்கிறெட்டிடம் சொல்லியிருக்கிறான். அவள் தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள்.

“தெரிஞ்சுகொண்டோ மூண்டு மைல் நடந்தனீங்கள்?”

“நீங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லையே, மிஸ்டர் நாதன். ஒரு காரணம் சொன்னீங்கள். காரணம் எண்டா நான் ஏதும் செய்து பாக்கலாம். வேண்டாம் எண்டா என்னாலை என்ன செய்ய ஏலும்?”

நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுசன் மகளுக்காக நடந்திருக்கிறார். அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு குடையோடு நடந்திருக்கிறேன். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இப்ப அவள் தேத்தண்ணி கொண்டு வருவாள்” என்றார். “வேண்டாமெண்டா அவளின்ரை முகத்தைப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ. நாங்கள் தாங்குவம்.”

மார்கிறெட் போத்தலில் தேத்தண்ணியோடு மேடேறி வந்தாள். இரவு வேலை முடித்து வந்த கண். அவளைப் பார்த்ததும் எனக்கு வேண்டாமென்று சொல்ல ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. முதலிலிருந்தே இருக்கவில்லை.

“அம்மாதான் வேண்டாமெண்டவ. நான் ஓம் எண்டுறன்” என்றேன்.

“அதை உங்கடை அம்மாவுக்கு எழுதுவீங்களோ?” என்று அவள் கேட்டாள்.

கோட் பையில் எயார் மெயில் தாள் இருந்தது. டிக்கெட் பெட்டிப் பலகையில் வைத்து மளமளவென்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னேன்: ‘அம்மா, நல்லாப் பாத்தாச்சு. சாதகம் திறமாப் பொருந்துது.’

அவள் தாளை வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோபமில்லை. “இதுவும் பொய்தானே” என்றாள். பிறகு வீட்டுக்குப் போய் வேறு தாள் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மிஸ்டர் வோக்கர் எழும்பி எனக்குத் தன் ஸ்டூலைத் தந்துவிட்டு, வந்திருந்த இரண்டு பேரிடம் சுவரைத் தொடச் சொல்லப் போனார்.

அந்தக் கடிதத்தை எழுத மத்தியானமாகிவிட்டது. கட்டம் கீறியது, கொப்பி, மழை, அவருடைய கால், குடை, எல்லாம் எழுதினேன். அவள் எதிரே இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எழுதி முடித்து நானே தபாலில் போட்டேன்.

கடிதம் எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. திருகோணமலை ஸ்டேசனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அம்மா என்ன சொல்லப்போகிறா என்று ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொரு விதமாக நினைத்தேன். அழுவா. சாப்பிடமாட்டா. என்னோடு கதைக்கமாட்டா. எதுவும் நடக்கவில்லை. குசினியில் பலகையைப் போட்டு இருத்தி, சோறு போட்டு, பாரைமீன் குழம்பை ஊற்றினா.

“அவன் கட்டட்டும். நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றா.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு வாய் சோற்றைத் திரட்டினேன். அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தா.

“உனக்கு விருப்பமில்லாத வேலை எண்டா போகேக்கையே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன, உன்னைத் திண்டிருப்பனோ? என்னைச் சாட்டிச் சாட்டி, அந்த முடக்கால் மனுசனை மூண்டு மைல் மழைக்குள்ளை நடக்க விட்டிருக்கிறாய். அதுவும் அந்தாளின்ரை குடையை நீ பிடிச்சுக்கொண்டு.”

திரட்டிய சோற்றை நான் வாயில் வைக்கவில்லை. அம்மா எழும்பிப் போகவுமில்லை. ஏதாவது சொல்வேனென்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.